பலகையில் அச்சான பெயர்

சலவைக் கடைக்காரர் பட்டறைக்குள் விறுவிறுவென்று வந்து, கருகிய மின்பலகை ஒன்றை என் மேசைமேல் போட்டார். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி அது. அதன் ஓரத்தில் என் தந்தையின் பெயர் அச்சாகியிருந்தது.

"பெரியவரே, இந்தப் பேரைப் பாத்துத்தான் வாங்கினேன். மோட்டார் புகைஞ்சு போச்சு. கடை முழுக்க நனைஞ்ச துணி கிடக்கு."

புரட்டிப் பார்த்தேன். வடிவமைப்பு எங்களுடையது; செய்தவர்கள் நாங்கள் அல்ல. மோட்டாரின் சுமையில் பாதியைக்கூடத் தாங்காத மட்டமான ரிலே சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள்.

மகனைக் கூப்பிட்டேன். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இந்தக் கருவியின் வரைபடங்களை இணையத்தில் வைத்தவன் அவன். நானும் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தேன். யார் செய்தாலும் பலகையில் என் தந்தையின் பெயர் இருக்க வேண்டும். வரைபடங்களைப் பயன்படுத்த அனுமதி தரும் உரிமத்தில் அதையும் சேர்த்து எழுதினான்.

"எவனோ போலி அடிச்சிருக்கான். வழக்குப் போடு."

"போலி இல்லப்பா. நாம கொடுத்த அனுமதிதான். பேரைப் போடாம விட்டிருந்தாத்தான் தப்பு."

"ரிலேயை மாத்தியிருக்கானே!"

"மாத்தலாம். நாம எடுத்தது தாராளமான உரிமம். என்னத்த மாத்தினான்னு காட்டணும்னுகூட இல்ல."

கணினி முன் இருந்த மருமகள் திரும்பினாள். "நான் அன்னிக்கே சொன்னேன் மாமா. மாத்தினவங்க அவங்க வரைபடத்தையும் வெளியிடணும்னு கட்டாயப்படுத்தற உரிமம் இருக்கு, அதை எடுப்போம்னேன். இவர்தான் கெடுபிடி பண்ணா யாரும் எடுக்க மாட்டாங்கன்னாரு."

"நல்லா எடுத்தாங்க. மானத்தையும் சேர்த்து. இப்பவே மாத்தித் தொலைங்க."

"இனிமே வெளியிடறதுக்கு மாத்தலாம், மாமா. கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. பேரை வரைபடத்துல இருந்து எடுத்துட்டு, வணிகச் சின்னமாத் தனியாப் பதிவு பண்ணிக்கலாம். செய்யற உரிமை எல்லாருக்கும், பேரு நமக்கு மட்டும்."

"விருந்து வச்சவன் பேரையே சொல்லாதேங்கறியா?"

"சமைச்சவன் வேற ஆளா இருந்தா சொல்லாம இருக்கறதே மேல், மாமா."

மருமகள் வரைபடத்தைத் திறந்தாள். திரையில் என் தந்தையின் பெயரைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். பெயர் போயிற்று.

"அதெல்லாம் உங்க வீட்டுக் கதை," என்றார் சலவைக் கடைக்காரர். "என் மோட்டாருக்கு யாரு பதில் சொல்றது?"

மகன் உரிமத்தின் கடைசிப் பத்தியைத் திறந்து காட்டினான். "எங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லன்னு தெளிவாப் போட்டிருக்கு, பாருங்க."

"அந்தப் பத்தியையா பலகையில அடிச்சிருக்கு?" என்று அவனிடம் கேட்டேன். "பேரைத்தானே அடிச்சிருக்கு! அவருக்கு நம்ம கருவி ஒண்ணு எடுத்துக் கொடு. மோட்டாரும் நம்ம செலவு."

"இப்படி வர்ற ஒவ்வொருத்தருக்குமாப்பா?"

"பேரோட வர்ற ஒவ்வொருத்தருக்கும்."

அவன் வாயைத் திறந்தான். மருமகள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

வெளியே இன்னும் எத்தனை பலகைகள் எங்கள் பெயரோடு இருக்கின்றன என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாதாம். எடுத்தவர்கள் நம்மிடம் சொல்ல வேண்டும் என்று உரிமத்தில் எங்கும் இல்லையாம்.