மெத்தையில் விளைந்த கோதுமை

1942 செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை, ஆஸ்திரேலியாவின் கூராபில் படைப்பயிற்சி முகாமில் மெர்வ் டன்ஸ்டனின் வைக்கோல் மெத்தையில் முழங்கால் உயரத்துக்குக் கோதுமை நின்றது. சார்ஜென்ட் கெல்லெஹர் படுக்கைகளைப் பார்வையிட வந்தார். விதிப்புத்தகத்தில் மூட்டைப்பூச்சிக்கும் சுருக்கத்துக்கும் தண்டனை இருந்தது, பயிருக்கு இல்லை. கம்பளியைக் கதிர்களுக்கு மேல் மட்டமாக மடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மற்றபடி ஆறு மணிக்கு ஊதல், பிறகு அணிவகுப்பு, புழுதியில் ஊர்தல், மணல் மூட்டையைக் கத்தியால் குத்துதல், மூன்று வேளையும் ஆட்டிறைச்சி என்று நாட்கள் போயின. அந்த ஆட்டிறைச்சியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

மெர்வ் கோதுமை விவசாயி. பக்கத்துப் படுக்கைக்காரன் ஸ்னோவி மெல்பர்னில் டிராம் கண்டக்டராக இருந்தவன், கோதுமையை ரொட்டியாக மட்டுமே அறிந்தவன். அக்டோபரில் ஒருநாள் அவன் கைதவறி ஒரு குவளைத் தேநீரை அந்த மெத்தையில் கொட்டிவிட்டான். அடுத்த வாரம் மெர்வின் மனைவி ஐவியிடமிருந்து கடிதம் வந்தது: நம் வயலில் மட்டும் மழை, பழுப்பு நிறம், நாக்கில் பட்டால் இனிப்பு. அன்றிலிருந்து மெத்தைதான் வயல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மெர்வ் மட்டும் நாட்களை எண்ணத் தொடங்கினான். ஐவி பிள்ளைத்தாச்சி. ஊரில் அறுக்க ஓர் ஆண்பிள்ளை மிச்சமில்லை. அறுவடை விடுப்புக்கு இருமுறை எழுதினான், இருமுறையும் மறுத்துவிட்டார்கள். டிசம்பர் எட்டாம் தேதி நியூ கினிக்குக் கப்பல். கதிர்களோ நவம்பர் கடைசியிலேயே மணி உதிர்க்கத் தொடங்கிவிட்டன.

“ஏன் மாப்ள இப்படி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? வயல் இங்கதான இருக்கு, அறுத்துட்டா போச்சு!” என்றான் ஸ்னோவி.

“எதால அறுக்கிறது? உன் டிக்கெட் மெஷினாலயா?”

மறுநாள் காலை கத்திப் பயிற்சி. கெல்லெஹர் மெத்தையை மைதானத்துக்குத் தூக்கி வரச் சொன்னார். எட்டுப் பேர் துப்பாக்கிக் கத்தியால் அறுத்தார்கள். கட்டக் கயிறு இல்லாததால் பூட்ஸ் கயிறுகளை உருவினார்கள். கதிர்க்கட்டுகளை எப்படிக் குவிப்பது என்று நகரத்துப் பையன்களுக்கு என்ன தெரியும்? முகாமில் கற்றுக்கொடுத்தபடி, துப்பாக்கிகளை நிறுத்துவதுபோல மும்மூன்றாகச் சாய்த்து, வலப்பக்கம் பார்த்து வரிசை சரிசெய்தார்கள். மெர்வுக்குத் தடுக்க மனம் வரவில்லை.

கப்பலேறுவதற்கு முந்தின நாள் கடிதம் வந்தது. நூற்றெண்பது ஏக்கரும் ஒரே காலையில் அறுபட்டுவிட்டது, ஒரு மணிகூட வீணில்லை, ஒவ்வொரு கதிர்க்கட்டிலும் பூட்ஸ் கயிறு, எந்த மடையன் மும்மூன்றாக நிறுத்தினான் என்று கேட்டிருந்தாள் ஐவி. பெண் குழந்தை, இருவரும் நலம். மெர்வ் உணவுக்கூடத்திலேயே எல்லோர் முன்னாலும் அழுதான். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது.

கெல்லெஹர் மேசையருகே வந்தார். “வரிசை நேரா இருந்துச்சாமா?”

“மூணாவது மட்டும் கொஞ்சம் கோணலாம், சார்ஜென்ட்,” என்றான் மெர்வ்.

“அது யார் வரிசை?”

எல்லோரும் ஸ்னோவியைப் பார்த்தார்கள். சார்ஜென்ட் அவனை மைதானத்தைச் சுற்றி இரண்டு முறை ஓடவிட்டார்.