துவைக்காத சட்டை

பழிவாங்கும் படம். அரை மணி நேரத்தில் ஏழு பேரை வெட்டிவிட்டார்கள். எட்டாவது ஆளின் கழுத்தில் அரிவாள் இறங்கி ரத்தம் சுவரில் பீச்சியடித்தபோது டிவியை அணைத்தேன். பதினைந்து வயதுப் பையன் பார்க்கிற படமா இது?

"இதெல்லாம் நீ பாக்காண்டாம்லே. பிள்ளையளக் கொலகாரனா ஆக்கிருவானுவ."

"எங்க கிளாஸ்ல எல்லாவனும் பாத்துட்டானுவம்மா."

"பாக்கட்டும். இந்த வீட்டுல ஓடாது."

ஜோஷுவா எழுந்து போனான். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். உள்ளே அவன் அப்பாவின் சட்டை இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் பாளையங்கோட்டை மார்க்கெட் வாசலில் அவரைப் பதினான்கு வெட்டு வெட்டிப் போட்டபோது போட்டிருந்த சட்டை. ரத்தம் காய்ந்து கறுத்து, துணி பலகையாக விறைத்திருந்தது. பழி தீரும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது என்று நான்தான் எடுத்துவைத்தேன். ஒவ்வொரு வருடமும் அவர் நினைவு நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படுமுன் அதை அவன் கையில் கொடுப்பேன். மோந்து பார், மறந்துவிடாதே என்பேன். முதல்முறை கொடுத்தபோது அவனுக்குப் பத்து வயது.

அவன் சட்டையின் கிழிசல்களை விரலால் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டான்.

"படத்த அணைச்சிட்ட. இத என்னம்மா செய்யப் போற?"