தலைவர் பதவிக்குப் பதினான்கு சேவல்கள்

அரளிமேட்டில் அசல் பெருவிடைச் சேவலைத் தத்தெடுக்கும் வீட்டார், அதை ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவராகச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு தலைவர்தான். மிச்சமாக நிற்பவர் வெள்ளிக்கிழமை குழம்புக்குப் போய்விடுவார். அவர் சேவலா ஆளா என்று அதிகாரிகள் நோண்டிக் கேட்பதில்லை. அத்தனை நாகரிகமானவர்கள்.

பூங்கோதை இன்குபேட்டரில் வைத்த பதினாறு முட்டையும் பொரிந்தன. வளர்ந்து கொண்டை சிவந்தபோது பார்த்தால் பதினான்கு சேவல், இரண்டு பெட்டை. கடவுளுக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம்.

பதின்மூன்றுக்கு வீடு கிடைத்தது. புருஷன் துபாயில் இருந்த வீடுகளில் யோசிக்கவே இல்லை. அந்தப் புருஷர்களும் சேதி கேட்டதும் லீவை ரத்து செய்துகொண்டார்கள். தெற்கு வீதி சுலோசனா மட்டும் தீர விசாரித்தாள்.

"சாம்பார்ல உப்பு பத்தலைன்னு சொல்லுமா?"

"சொல்லாதுங்கக்கா. காலைல ஒருக்கா கூவும்."

"அவ்வளவுதானா? ரெண்டா குடு!"

ரெண்டு கொடுக்க விதியில் இடமில்லை.

பதினான்காவது சேவல் காலை பத்து மணிக்குத்தான் எழுந்து கூவும். அதை யாரும் சீண்டவில்லை. அப்படி ஓர் ஆள் எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருந்தார். புதன்கிழமை ரேஷன் கடைக்காரர் அதைப் பூங்கோதையின் அட்டையிலேயே தலைவராக எழுதிவிட்டார். அவள் புருஷன் நாச்சிமுத்து மிச்சமானார்.

இருபத்திரண்டு வருஷம் தலைவராக இருந்து நாச்சிமுத்து கிழித்தது ஒன்றுமில்லை. ஆனாலும் மசாலா அரைக்க உட்கார்ந்த பூங்கோதைக்கு அழுகை பொங்கிவிட்டது. சேவலை வெட்டவும் மனசில்லை. கையில் தீனி வைத்து வளர்த்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ரேஷன் கடைக்கு ஓடினாள்.

"ஏனுங்க, எங்க வீட்டுக்காரர வேற எதாச்சும் கணக்குல சேர்க்க முடியாதுங்களா?"

கடைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பெட்டைக் கோழின்னா எத்தன வேணா சேர்த்துக்கலாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முட்ட காட்டோணும்."

வீட்டில் சொன்னதும் நாச்சிமுத்து வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டுக்குள் போனார். இரண்டு பெட்டைகளும் நகர்ந்து இடம் விட்டன. வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பூங்கோதை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சேவல் நாற்காலியில் சாய்ந்து தலையங்கம் படித்தது. பொறுப்புள்ள தலைவர்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கூண்டோரம் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்புள்ள, அந்தப் பக்கம் திரும்பிக்க. நீ பாத்துட்டிருந்தா வரமாட்டேங்குது" என்றார் நாச்சிமுத்து.

அவள் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முட்டை வந்தது. அவள் அதை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள். அளவு சிறிசு.

"பழகப் பழகப் பெருசாயிரும்" என்றார் அவர், வெட்கத்தோடு.