அதே முதலை

மகளை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று அகராதிக்காரியின் முகத்தில் மூன்று ஓடைகள் ஓடின. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு போக, மூன்றாவது நெற்றி நடுவிலிருந்து கிளம்பி மூக்கின் மேல் இறங்கியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் பயந்தார்கள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ருஷ்ய மொழியில் வாய்விட்டு அழுகிறவர்கள் மூன்று ஓடையாகத்தான் அழுவார்கள் என்று அவள் கணவர் விளக்கம் சொன்னார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

கணவனும் மனைவியும் வீட்டின் முன்னறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து ஒரு மரபுத்தொடர் அகராதி தொகுத்து வந்தார்கள். அவர் ஆங்கிலத் தொடரைச் சொல்ல, அதற்கு இணையான ருஷ்யத் தொடரை அவள் சொல்ல வேண்டும். அழுகை என்ற பகுதியில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். சிந்திய பாலுக்கு அழாதே என்பான் ஆங்கிலேயன். ருஷ்யனோ வண்டியிலிருந்து விழுந்தது விழுந்ததுதான் என்று நடையைக் கட்டுவான். ஆங்கிலேயன் சாய்ந்து அழ ஒரு தோளைத் தேடினால், ருஷ்யன் முகம் புதைத்து அழ ஒரு கையில்லாத கோட்டை, வெயிஸ்ட்கோட்டைத் தேடுவான். இது அதற்கு இணையா இல்லையா என்று மேஜையில் தொடங்கும் சண்டை அடுப்படி வரை வரும். ‘பூனை அழுத அளவு’, அதாவது துளியூண்டு, என்று ருஷ்யர்கள் சொல்வது தங்களுக்குக் கிடைக்கும் விடுமுறையைத்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் வேற்றுமை இருந்ததில்லை.

ஒரு நாள் காலை மகள் பள்ளிச் சீருடையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு மேஜைக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதாள். மட்டம் போட அந்த வயிறு முன்பும் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

“நெஜமாவே வலிக்குதும்மா.”

“புலி வருது, புலி வருதுன்னு எத்தனை தடவைடி? கணக்குப் பரீட்சைன்னா ஒடனே வயித்துவலி வந்துடுமா?” என்ற அம்மா கணவரைப் பார்த்துச் சிரித்தாள். “முதலைக் கண்ணீர்! ருஷ்யன்ல கூட இதேதாங்க.”

“இங்கிலீஷ்லயும் அதே முதலைதான்!” என்று அவர் மேஜையைத் தட்டினார்.

சண்டை இல்லாமல் அவர்களுக்குள் பொருந்திப்போன முதல் தொடர் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் அப்பாவே குனிந்து மகளுக்கு ஷூ லேஸ் கட்டி அனுப்பினார். குடல்வால் வெடித்துவிட்டது என்று மதியம் மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் அவளும் போய்விட்டாள்.

அதன் பிறகு அவர்கள் சேர்ந்து அழ முடியவில்லை. அவர் தோளைக் கொடுத்தார். அவள் கண்ணீர் அதில் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. பாவம், கடை கடையாக ஏறி இறங்கி ஒரு வெயிஸ்ட்கோட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அவள் அதில் முகம் புதைத்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

“மேஜையைத் தட்டினது நீங்கதானே?”

“மொதல்ல சொன்னது நீ.”

அதோடு அந்த வெயிஸ்ட்கோட் ஆணியில் தொங்கிக் காய்ந்தது. கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? மூன்று ஓடையும் வீட்டுச் சரிவைப் பிடித்துக்கொண்டு மகளின் அறைக்குள் போய்த் தேங்கின. கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று சில மாதம் சத்தம் போட்டார். பிறகு வாளி வைக்கப் பழகிக்கொண்டார். ஆண்டுகள் போயின. அகராதி அழுகையைத் தாண்டவில்லை.

ஒரு பிற்பகலில் அந்த அறையின் கட்டிலுக்கடியில் ஒரு முதலை கிடந்தது. பெரியதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை நீளம்தான். வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு அழுதது. கால்நடை மருத்துவர் வந்து தட்டிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க. முதலைன்னா கண்ணீர் வரத்தானே செய்யும்?” என்று சிரித்தார்.

கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவள் தண்ணீரில் மண்டியிட்டு, முதலையின் வயிற்றை மெல்லத் தடவினாள்.

“வலிக்குதாம்மா? வலிக்குதுன்னா வலிக்குதுதான். அம்மா நம்புறேன்.”

அவளால் தூக்க முடியவில்லை. அவர் மறுபக்கம் வந்து கை கொடுத்தார். கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார்கள். அது அழுகையை நிறுத்தவில்லை. இத்தனை தாமதமாக நம்பினால் எந்த வலி நிற்கும்? ஆனால் தினமும் காலையில், பள்ளி வாகனம் தெருவில் ஹார்ன் அடிக்கும்போது, அப்பா அறை வாசலில் வந்து நிற்கிறார்.

“இன்னிக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம்டா கண்ணு” என்கிறார்.

முதலை போவதில்லை.