கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி

விசைகள் எல்லாம் ஆதியில் ஒன்றாகத்தான் இருந்தன என்ற கோட்பாடு உண்மையானால், புரோட்டானும் ஒருநாள் சாக வேண்டும். அந்தச் சாவைப் பார்க்கத்தான் ஹதனாகா இருபத்தாறு வருடங்களாக ஜப்பானில் ஒரு மலைக்கு அடியில், பழைய சுரங்கத்துக்குள், ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியோடு கிடந்தார். வரும் மார்ச்சில் பணி ஓய்வு.

தரவைப் பார்க்கும் முன்பே வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். தொட்டியில் புரோட்டான் செத்தால் எழும் ஒளி, ஒரு புள்ளியாக அதற்குள் விழும். வெளியே விழுவது குப்பை. போன வருடம் எல்லைக்கோட்டை வரைந்தவர் அவரேதான். "மேல கொஞ்சம் இடம் விடுங்களேன், ஹதனாகா-சான்" என்று இளம் ஆய்வாளர் குராபயாஷி கெஞ்சியபோது, "ஆசைக்கு இடம் விட்டா குப்பைதான் வரும்" என்று அடக்கிவிட்டார்.

இன்று காலை, மறைத்து வைத்திருந்த தரவு அந்த வரைபடத்தில் திறக்கப்பட்டது. கட்டம் காலி. மேல்கோட்டை உரசினாற்போல, வெளியே ஒரே ஒரு புள்ளி.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். குராபயாஷி சோற்று உருண்டையைப் பிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுரங்க வாயிலில் இருந்த அலுவலகத்தின் சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹதனாகா திரையில் அந்தப் புள்ளியையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆற்றல் அளவுல அரை சதவீதம் பிசகு இருக்கலாம்" என்றார் கடைசியில். "இன்னொரு தடவை சரிபார்த்தா அது உள்ள வந்துடும்."

"வரும்."

"அப்ப பார்க்கலாமே?"

அவள் உருண்டையைக் கீழே வைத்தாள். "அது உள்ள விழுந்திருந்தா, மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருப்பீங்களா?"

 ஹதனாகாவின் தேநீர் ஆறியது. பிறகு அவர் முடிவுத் தாளை இழுத்து, கட்டத்துக்குள் எண்ணிக்கை என்ற இடத்தில் சுழியம் எழுதினார்.

மாலையில் பீர் உடைத்தார்கள். ஒன்றும் காணாததால் புரோட்டானின் குறைந்தபட்ச ஆயுள் இன்னும் நீண்டுவிட்டது. அந்த ஆயுளுக்கு உலகத்திலேயே உயர்ந்த கணக்கு இப்போது அவர்களுடையது.

"பாராட்டுகள்! நம்மளையெல்லாம் புதைச்சுட்டுத்தான் அது சாகும் போலிருக்கு" என்று ஆய்வக இயக்குநர் சிரித்தார். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை நெருங்கிப் பார்த்துவிட்டு, கட்டத்தின் மேல்கோட்டருகே நகத்தால் சுரண்டினார்.

"என்னய்யா இது, அச்சுல அழுக்கா?"

குராபயாஷி ஹதனாகாவைப் பார்த்தாள்.

"இல்ல" என்றார் அவர். "வெளிய விழுந்தது. குப்பை."

கோப்பையில் நுரை அடங்கும்வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.