குளிரில் வைக்காதே

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பாவின் இடது கைவிரல் நகங்களை மகள் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்.

"கல்லுலகூட கொஞ்சம் உணர்வு இருக்குன்னு சொல்லுவியே. நெஜமாவா?"

நகவெட்டி அப்படியே நின்றது. அவள் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவள். எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் அடியாழத்தில் ஒரு துளி உணர்வு இருக்கலாம் என்று சாப்பாட்டு வேளைகளில் வாதம் செய்வாள். ஒருமுறை அப்பா சாப்பாட்டு மேசையைத் தட்டி, "வலிக்குதா சாமி?" என்று கேட்டார். "அதுக்குக் கால் ஆடுது, முதல்ல அதக் கேளுங்க" என்றாள் அம்மா. அன்று மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அது சும்மா ஒரு யோசனைப்பா."

"அப்ப செத்தப்புறம் இதுலயும் இருக்கும்ல?" என்று அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

"அப்படி இல்லப்பா. துளித்துளியா இருந்தா வலி தெரியாது. எல்லாம் ஒண்ணு சேந்து வேலை செஞ்சாத்தான் தெரியும். செத்தா அந்தச் சேர்க்கை கலைஞ்சிடும்."

"நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

அவள் உடனே தலையாட்டியிருக்கலாம். ஒரு மூச்சு விடும் நேரம் தாமதித்துவிட்டாள்.

"தெரியும்ப்பா."

அப்பா அவளையே பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்து ஆள் முகம் பார்த்தே காலம் தள்ளியவர். கறிக்கடை வைத்து அவளைப் படிக்கவைத்தவர். கடைக்குப் பின்னால் இருந்த குளிர் அறையைத் தினமும் விடியற்காலையில் அவர்தான் திறப்பார்.

"என்ன குளிர்ல மட்டும் வைக்காத கண்ணு. உள்ள போனது எப்படி ஆகும்னு நான் பாத்திருக்கேன்."

"வைக்க மாட்டேன்."

மறுநாள் காலை, அம்மா காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் இறந்துபோனார்.

வெளிநாட்டில் இருந்த அண்ணன் போனில் அழுதான். அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. "டிக்கெட் போட்டுட்டேன் பாப்பா. வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் வச்சிரு. முகத்த ஒரு தடவ பாத்துக்கறேன்."

"அப்பா வேணாம்னாருண்ணா."

"என்ன வேணாம்னாரு?"

மகள் பேசிய பேச்சை நம்பி மனிதர் பயந்துபோய்ச் செத்தார் என்பதை எந்த வாயால் சொல்வது?

"உடம்புதானடி. இனிமே அதுக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள் அம்மா. "பையன் வந்து பாக்கட்டும்."

அவள் சரி என்றாள்.

பிணவறை ஊழியர் நிதானமான மனிதர். குளிர்ப்பெட்டியின் தட்டை வெளியே இழுத்து, அப்பாவின் கால் பக்கம் ஒரு கையும் தோள் பக்கம் ஒரு கையும் கொடுத்து, இன்னொருவர் உதவியோடு பதமாக ஏற்றினார்.

"ஒரு போர்வை போர்த்தலாங்களா?"

"துணி கனமா இருந்தா குளிர் ஏறாதும்மா." சொன்ன பிறகு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. "வேணும்னா கால்ல மட்டும் போட்டுக்கங்க."

அவள் தன் துப்பட்டாவை எடுத்துக் கால்களைச் சுற்றினாள். சேர்க்கை, கலைவு என்று வகுப்பில் சொல்கிற சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தட்டு உள்ளே போனது. கதவு பூட்டிக்கொண்ட சத்தம் பெரிதாக இல்லை. உள்ளே எங்கோ இயந்திரம் உறுமத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எங்கடி வச்சிருக்காங்க?"

"ஒரு ரூம்லம்மா."

"நல்லா இருக்கா எடம்?"

"நல்லா இருக்கும்மா."

ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்த விரிப்புகளை அம்மா துவைத்து மொட்டை மாடியில் உலர்த்தியிருந்தாள். எடுத்துவர மகள் போனாள். உச்சிவெயிலில் காய்ந்து துணிகள் கொதித்துக் கிடந்தன. எல்லாவற்றையும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் நின்றாள்.

கீழே அம்மா கூப்பிட்டாள். துணிகளில் இருந்த சூடு முழுக்க ஆறும்வரை அவள் இறங்கவில்லை.