கடுகளவு அபின்

விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்ததும் தாய்மார்கள் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்கு ஓடுவார்கள். ஓடுகிற ஓட்டத்தில் கைப்பிள்ளைகளைப் பேச்சியம்மாளின் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் மலாயாவின் பெக்கோக்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் அந்தக் கொட்டகைக்குத் தனிப் பேர். பதினான்கு தூளிகள் தொங்கும். ஓர் அழுகுரல் வெளியே வராது. "பேச்சியம்மா கை பட்டாப் போதும், பேய்ப்பிள்ளையும் தூங்கிரும்" என்று லயத்து வீடுகளில் சொல்லிச் சொல்லி அவளுக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது.

கையில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. முந்தானையில் அபின் கட்டி ஒன்று முடிந்திருக்கும். கடுகளவு கிள்ளித் தண்ணீரில் கரைத்து நாக்கில் தடவிவிடுவாள், அவ்வளவுதான். பதினான்கு பிள்ளைகளை ஒருத்தி வேறெப்படிப் பார்ப்பது என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொள்வாள். பல் முளைக்கும் பிள்ளை ராத்திரியில் தூங்கவிடுவதில்லை என்று போன வாரம் வெள்ளையம்மா அழுதபோது, "கடுகளவு குடுத்துப் பாரு" என்று ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தவளும் இவள்தான்.

அன்று காலை வெள்ளையம்மாவின் எட்டு மாதப் பையனுக்கும் வழக்கம்போல் தடவினாள். ஒன்பது மணிக்குப் பால் கொடுக்க வந்த வெள்ளையம்மா பிள்ளையைத் தூக்கினாள். தலை தொங்கியது. மார்பில் வைத்தாலும் வாய் திறக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

இரண்டு பேரும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். முசுடு, ஆனால் வேலையில் சுத்தம். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்பு சுடேல்லையே. வேற ஏதும் குடுத்தனீங்களோ?"

வெள்ளையம்மா பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். பேச்சியம்மாள் முந்தானை முடிச்சைக் கைக்குள் மறைத்தாள். சொன்னால் ஆயா வேலை போகும். புருஷனை இழந்து ஒண்டிக்கட்டையாக நிற்பவள் எங்கே போவாள் என்று பேச்சியம்மாள் எண்ணினாள். பிள்ளையின் மூச்சு ஒருமுறை இழுத்து நின்றது. நெடுநேரம் கழித்துத்தான் அடுத்த மூச்சு வந்தது. அதைக் கண்ட பிறகு அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான்தான்யா அபின் குடுத்தேன். கடுகளவு. எல்லாப் பிள்ளைக்கும் தினம் குடுக்கிறதுதான்."

வெள்ளையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! விடியக்காலையில நானும் குடுத்தேனே! கொட்டகையிலயும் குடுக்கிறீங்கன்னு சொல்லலியே!"

"முந்தியே சொல்லுறதுக்கென்ன!" என்று சீறினார் சிவசம்பு. மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் அனுப்பிவிட்டு, குழாய் விட்டு இந்தப் பிள்ளையின் வயிற்றைக் கழுவினார். "ஆளுக்கொரு உள்ளங்காலைத் தட்டுங்கோ. நித்திரை கொள்ள விடாதேங்கோ!"

தட்டினார்கள். கை மரத்துப்போகும் வரை தட்டினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மூச்சு சீராக இருக்கிறது என்று போன ஆள் வந்து சொன்னான். வெயில் சாயும் நேரத்தில் பையன் முகத்தைச் சுளித்தான். பிறகு தகரக் கூரை அதிரும்படி வீரிட்டான். வெள்ளையம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆயா வேலை போயிற்று. தோட்டத்துத் துரை அவளைப் புல்வெட்டுக்கு மாற்றினார். குழாயடியில் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "ஏசுங்க, ஏச வேண்டியதுதான்" என்று அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் பிள்ளை விடும் காளியம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "அலமாக், ஐயோ! புது ஆயாகிட்ட பிள்ளைங்க ஓயாம அழுவுது, காது கிழியுது" என்று அலுத்துக்கொண்டபோது பேச்சியம்மாள் நிமிர்ந்தாள்.

"அழட்டும்டி! பேச்சு வராத பிள்ளைக்கு அழுகைதான் பேச்சு. எதுக்கு அழுவுதுன்னு பாரு. பசின்னா பால் குடு. ஈரம்னா துணிய மாத்து. ஈறு நமச்சல்னா கையக் கழுவிட்டு விரலால நீவி விடு. அதுக்கும் அடங்கலைன்னா டிரசர் ஐயாகிட்ட ஓடு, என்ன குடுத்தோம்னு ஒளிக்காமச் சொல்லு. பிள்ளை வாயை மருந்து வெச்சு அடைக்கிறது வளப்பு இல்ல, கொலை. நான் செய்ய இருந்தது அதுதான். பதினாலு பிள்ளைக்கு ஒரு ஆயா பத்தாது. துரைகிட்டப் போயி இன்னொரு ஆளு கேப்போம், வாங்க. நான் முன்னால நின்னு கேக்குறேன்."

பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளோடு போக முதலில் எழுந்தவள் வெள்ளையம்மா.